தூங்கி எழுந்தும் நாள் மாறவில்லையா? கோடோவில் பகல், இரவு, உறக்கம்

ஆட்டங்கள் உருவாக்கும் மென்பொருளான கோடோ 4-இல் ஒரு 2டி காட்சியைத் திறந்து நாயகனை நடக்க வைக்கத் தெரியும், சிக்னல் இணைக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கடிகாரம்

ஆட்டோலோடாக (எந்தக் காட்சியிலிருந்தும் எட்டும்படி ஆட்டம் முழுக்க ஏற்றப்பட்டிருப்பது) ஒரு ஸ்கிரிப்ட், அதில் ஒரே ஒரு மாறி: ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஓடிய மொத்த நிமிடங்கள். மணிக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைக்காதீர்கள். நான் வைத்தேன். இரவு 22 மணிக்குப் படுத்து 8 மணி நேரம் தூங்கினால் 30 வருகிறதே என்று 24-ஐக் கழித்தேன், 6 மணிக்கு அழகாக விடிந்தது, சரி முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் 'மூன்று நாள் கழித்து வா' என்று கொல்லன் சொன்ன வாள் மட்டும் எத்தனை தடவை தூங்கினாலும் தயாராகவே இல்லை. நாளைக் கூட்டும் வரி, கடிகாரம் தானாக ஓடி நள்ளிரவைத் தாண்டும் இடத்தில் மட்டும்தான் இருந்தது. தூக்கம் அந்தப் பக்கமே போகவில்லை! இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது.

மொத்த நிமிடத்தை 1440-ஆல் வகுத்தால் ஈவுதான் நாள். மீதியை 60-ஆல் வகுத்தால் மணி.

அப்புறம், 'நேரத்தைக் கூட்டு' என்று ஒரே ஒரு ஃபங்ஷன். மாறியைத் தொட அதற்கு மட்டுமே உரிமை. கூட்டும்போது மணி மாறினால் 'மணி மாறியது' சிக்னலையும் அதுவே அனுப்பட்டும்.

படி 2: வேகம்

ஸ்கைரிம் ஆட்டத்தில் காலம் 20 மடங்கு வேகத்தில் ஓடும், ஒரு நாளுக்கு நிஜத்தில் 72 நிமிடம். செல்டா ஆட்டமான பிரெத் ஆஃப் தி வைல்டில் நிஜ நொடி ஒன்றுக்கு ஆட்டத்தில் ஒரு நிமிடம், ஆக ஒரு நாள் 24 நிமிடம். முதல் ஆட்டத்துக்கு 24-தான் என் கட்சி: டெல்டாவை (முந்தைய ஃபிரேமிலிருந்து ஓடிய நொடிகள்) அப்படியே நிமிடமாகக் கூட்டலாம். 72 வேண்டுமென்றால் 3-ஆல் வகுத்துக் கூட்டுங்கள்.

படி 3: நிறம்

திரை முழுவதற்கும் நிறம் பூசும் கேன்வாஸ் மாடுலேட் நோடு, ஒரு கிரேடியன்ட் (நிறம் படிப்படியாக மாறும் பட்டை). அன்றைய நிமிடத்தை 1440-ஆல் வகுத்து அந்த இடத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேடியன்டின் இரு முனையிலும் ஒரே நிறம் இருக்கட்டும், இல்லாவிட்டால் நள்ளிரவில் திரை ஒரு வெட்டு வெட்டும். உயிர்ப்பட்டையும் சேர்ந்து இருண்டால் அதைத் தனி கேன்வாஸ் லேயருக்குள் போடுங்கள். அனிமேஷன் பிளேயரிலும் இதைச் செய்யலாம், எனக்குப் பிடிக்காது. நேரம் தாவும்போதெல்லாம் அதையும் கூடவே நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும்.

படி 4: உறக்கம்

480-ஐ ஒரேயடியாகக் கூட்டினால் பசி, கடைச்சரக்கு, பயிர் எல்லாம் எட்டு மணி நேரத்தை ஒரு மணியாக நினைத்துக்கொள்ளும். அதே 'நேரத்தைக் கூட்டு' ஃபங்ஷனை 60 நிமிடமாக எட்டுச் சுற்று அழையுங்கள். திரையை ட்வீனால் (ஒரு மதிப்பைப் படிப்படியாக மாற்றும் கருவி) முழுக்கக் கறுப்பாக்கிவிட்டு இதைச் செய்தால் நிறம் தாவுவது கண்ணில் படாது. முழு உயிரையும் கடைசியில் கொடுங்கள்.

தூக்கம் இலவசமாக இருந்தால் மருந்துக் குப்பிகளை யாரும் தொடமாட்டார்கள். பால்டர்ஸ் கேட் 3 ஆட்டத்தில் நீண்ட ஓய்வுக்கு இயல்பான கடினநிலையில் 40 முகாம் பொருட்கள் கேட்பது சும்மா இல்லை.

பிற்சேர்க்கை: விஷம் ஏறிய நாயகன் தூக்கத்தில் செத்து, காலையில் முழு உயிரோடு எழுந்துவிடுகிறான் என்று ஒருவர் எழுதியிருந்தார். என் ஆட்டத்திலும் அதே கதைதான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் உயிரைப் பாருங்கள், பூஜ்யமானால் அங்கேயே லூப்பை உடைத்துவிட்டு மரணத் திரையைக் காட்டுங்கள், கறுப்புத் திரையை விலக்க மறந்துவிடாதீர்கள்.