திட்டக் குழுவில் பரிசும் தண்டனையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திட்டம் கெடுவுக்குள் முடியாது என்பது அந்த வேலையைச் செய்பவருக்குத்தான் முதலில் தெரியும். தலைமைக்கு அது முன்கூட்டியே தெரியவருமா, கெடு நாளன்றுதான் தெரியவருமா? சென்ற முறை உண்மையைச் சொன்னவருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பொறுத்தது அது. ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டால், பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள் சிக்கலை மறைக்கவே கற்றுக்கொள்கிறார்கள். இந்த விஷயத்தில் நிகழும் தவறுகளில் இதையே மிகக் கொடியதாகக் கருதுகிறேன். மற்றவை பணத்தை வீணாக்கும். இது தலைமையின் கண்ணைக் கட்டிவிடும்.

விமானத் துறை இதற்கு ஒரு வழி கண்டது. அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்திவரும் பாதுகாப்பு அறிக்கை முறையில், விமானி தன் தவறைத் தானே எழுதி அனுப்பலாம். அது வேண்டுமென்றே செய்ததாகவோ குற்றச் செயலாகவோ இல்லாமல், 10 நாட்களுக்குள் அனுப்பப்பட்டிருந்தால், மேலும் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவருக்குத் தண்டனை கிடையாது. திட்டக் குழுவிலும் இந்தக் கோடு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: பிழையைச் சொன்னால் தண்டனை இல்லை, தெரிந்தே மறைத்தால் உண்டு.

“திட்டினால்தான் வேலை நடக்கிறது, கண்ணாரக் கண்டிருக்கிறேன்” என்னும் மேலாளர் பொய் சொல்லவில்லை. இஸ்ரேல் விமானப்படைப் பயிற்றுநர் ஒருவரும் உளவியலாளர் டேனியல் கானமனிடம் இதையே சொன்னார்: பாராட்டு வாங்கியவர்கள் அடுத்த முறை சறுக்குகிறார்கள், திட்டு வாங்கியவர்கள் தேறுகிறார்கள். கானமனின் விளக்கம் எளிது. வழக்கத்தைவிட மோசமாகச் செய்தவர் அடுத்த முறை தம் இயல்பு நிலைக்குத் திரும்பவே வாய்ப்பு அதிகம். மிகச் சிறப்பாகச் செய்தவரும் அப்படியே. இடையில் விழுந்த திட்டு, காரணம்போலத் தோற்றமளிக்கிறது.

தாமதத்துக்கு அபராதம் போடுவதும் பல நேரம் எதிர்விளைவையே தருகிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு 2000-இல் வெளியானது. பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்ததும், தாமதமாக வருவோர் கூடினார்கள். அபராதத்தை நீக்கிய பிறகும் எண்ணிக்கை குறையவில்லை. மற்றவரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் போய், தாமதத்துக்கு ஒரு விலை வந்துவிட்டது.

பரிசில் இன்னொரு கண்ணி உண்டு: எதை எண்ணுகிறோமோ அதுவே பெருகும். கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பிழைக்கும் ஊக்கத்தொகை என்று அறிவித்தால், ஒரே பிழை நான்காகப் பிரித்து எழுதப்படும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் விற்பனை இலக்குகளின் நெருக்கடியில் ஊழியர்கள் வாடிக்கையாளரின் அனுமதியின்றியே கணக்குகளைத் தொடங்கினார்கள். 2016-இல் வங்கி 18.5 கோடி டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது.

அதிகம் பேசப்படாத தவறு ஒன்று என்னை மிகவும் வருத்துகிறது. கடைசி நேரத்தில் இரவு பகலாக உழைத்துத் திட்டத்தைக் காப்பாற்றியவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அந்த நெருக்கடியே வராதபடி தன் பகுதியை ஒழுங்காக முடித்துக் கொடுத்தவரும், மற்றவரின் சிக்கலைத் தீர்க்கத் தன் நேரத்தைக் கொடுத்தவரும் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. பரிசை முடிவு செய்யும் முன் குழுவினரிடமே கேளுங்கள்: “இந்த மாதம் யார் உங்கள் வேலையை எளிதாக்கினார்கள்?” அவர்கள் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் மேலாளரின் பட்டியலிலிருந்து வேறுபட்டிருக்கும்.