குதிரைவில்லுக்குத் தனிப்பிரிவு தொடங்க: சோதனை மேசையிலிருந்து சில யோசனைகள்

குதிரை மேலிருந்து எய்யப் பிறந்த குதிரைவில்லோடு ஒருவர் போட்டிக்கு வந்தால், பெரும்பாலும் அவரை லாங்போ என்னும் நெடுவில் பிரிவில் தள்ளிவிடுகிறார்கள். உலக வில்வித்தைச் சம்மேளன விதிப்படி அது செல்லாது. லாங்போவில் நாண் இரு முனைகளைத் தவிர வேறெங்கும் வில்லைத் தொடக்கூடாது. நீளமும் ஆண்களுக்கு 160 செ.மீ., பெண்களுக்கு 150 செ.மீ.க்குக் குறையக்கூடாது. குதிரைவில் பெரும்பாலும் அதைவிடக் குட்டை. சீனாவின் மஞ்சு மக்களுடைய வில் நீளத்தில் தேறிவிட்டாலும், லிம்பின் (வில்லின் வளையும் பகுதி) மேல் நாண் வந்து அமரும் அந்தச் சின்னப் பாலத்தில் மாட்டிக்கொள்ளும். குறிபார்க்கும் கருவி இல்லாத நவீன வில்லான பேர்போவோடு சேர்த்தாலோ, அம்பு போக ஜன்னல் வெட்டிய கைப்பிடியும் அம்பைத் தாங்கும் ரெஸ்டும் எடைக்கட்டியும் வைத்திருப்பவரோடு இவர் மோத வேண்டும். தனிப்பிரிவுதான் வழி.

எங்கள் கிளப் போட்டிகளில் கருவிச் சோதனை மேசை என் பொறுப்பு. ஆகவே விதி எழுதுகிறவர்களுக்கு நான் வைக்கும் நிபந்தனை ஒன்றே: ஒரு நிமிடத்தில் கண்ணாலும் கையாலும் சரிபார்க்க முடியாததை எழுதாதீர்கள்.

முதல் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து, கொம்பும் மரமும் தசைநாரும் சேர்த்துச் செய்ததுதான் அசல், மற்றதெல்லாம் பொம்மை என்பார். மரியாதையோடு கேட்டுக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள். அப்படிப்பட்ட வில் செய்து பதப்பட மாதக்கணக்கில் ஆகும், ஈரக்காற்று பட்டால் சோர்ந்துபோகும், விலையும் எட்டாது. அதைக் கட்டாயமாக்கினால் பிரிவில் இரண்டு பேர் நிற்பார்கள். தவிர, தோல் சுற்றிய வில்லுக்குள் இருப்பது கொம்பா, ஃபைபர் கிளாஸா என்று மேசையில் உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது? துருக்கி, ஹங்கேரி, மங்கோலியா, கொரியா என்று வடிவ வாரியாகப் பிரிக்கும் யோசனையும் வேண்டாம்.

பிரிவுக்கு அடையாளம் வேறு இடத்தில் இருக்கிறது: அம்பு கையின் மேல்தான் அமர வேண்டும். ரெஸ்ட், ஜன்னல், அம்பு உட்காரும் திட்டு எதுவும் கூடாது. சிலர் பிடிக்கு மேலே தோலை மடித்துத் தைத்திருப்பார்கள், அலங்காரம் என்பார்கள். வாதாட வேண்டாம். பிடிக்குக் கீழே பிடித்துக்கொண்டு வில்லை நேராக நிமிர்த்துங்கள். நாணில் மாட்டிய அம்பை அந்த மடிப்பின் மேல் வைத்து விரலை எடுங்கள். அம்பு நின்றால் அது திட்டு. சரிந்து விழுந்தால் வில் உள்ளே வரலாம். இந்தச் சோதனைக்குப் பிறகு யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

குறிபார்க்கும் கருவி, வில்லின் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர், நாணில் உதட்டுக்கான குறி இவை கூடாது. வில்லின் உள்பக்கத்தில் பூவேலை இருந்து, அதன் கோடுகள் குறிபார்க்க வாகாக இருந்தால், டேப் ஒட்டி மறைத்துவிடலாம்.

அம்பு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இறகு இயற்கை இறகாக இருப்பதைக் கட்டாயமாக்குங்கள். காரணம் மரபு அல்ல: அம்பு விரல் முட்டியை உரசிக்கொண்டு போகிறது. இறகு மடங்கிக்கொடுக்கும், வேன் என்னும் பிளாஸ்டிக் இறகு மடங்காமல் அம்பை உதைத்துத் தள்ளும், கையையும் கீறும். தண்டுக்கு மரமும் மூங்கிலும் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அம்பு வில்லின் நடுவில் போகாமல் பக்கவாட்டில் வளைந்து சுற்றிப் போவதால், அதன் விறைப்பு வில்லுக்குப் பொருந்தியாக வேண்டும். காதுக்குப் பின்னால் 32 அங்குலம் இழுப்பவருக்கு அப்படிப் பொருந்தும் நீள மரத்தண்டு லேசில் கிடைக்காது. முதல் ஆண்டு கார்பன் தண்டையும் அனுமதியுங்கள்.

இழுக்கும் முறையில் கட்டைவிரலும் மூன்று விரலும் ஒரே பிரிவில் இருக்கட்டும். வலதுகைக்காரர் கட்டைவிரலால் இழுத்தால் அம்பு வில்லின் வலப்பக்கம், விரல்களால் இழுத்தால் இடப்பக்கம். அதனால் அம்பு எந்தப் பக்கம் என்றோ, கை முகத்தில் எங்கே படவேண்டும் என்றோ விதியில் எழுதிவிடாதீர்கள். நாணை இழுக்கக் கட்டைவிரலில் போடும் மோதிரம் கொம்பு, எலும்பு, உலோகம், தோல் எதுவாகவும் இருக்கலாம். நாணை விடுவிக்கும் விசை வைத்ததாக இருக்கக்கூடாது. நாணில் விரலை மேலும் கீழும் நகர்த்தித் தூரத்தைச் சரிசெய்வதற்குத் தடை போடுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் தாட்சண்யம் கூடாது. நீளமாக இழுக்கும் வில்லில் அம்பு குட்டையாக இருந்தால் முனை கைக்குப் பின்னால் வந்துவிடும். விட்டால் கையையே துளைக்கும். எய்யும் கோட்டில், இலக்கைப் பார்த்து நின்று ஒவ்வொருவரும் ஒருமுறை முழுதாக இழுத்துக் காட்டட்டும். முனை முட்டியைத் தாண்டி இரண்டு விரற்கடையாவது வெளியே நிற்க வேண்டும். குட்டை அம்பு எய்ய உதவும் துருக்கியரின் சிபெர் போன்ற கருவிகளுக்கு இங்கே இடமில்லை. வில்லை வானம் நோக்கித் தூக்கி இழுப்பதும் வேண்டாம். கைதவறினால் அம்பு பின்தடுப்பைத் தாண்டிப் போய்விடும். எய்தவுடன் வில்லைச் சுழற்றி விடும் காத்ரா தவறல்ல, ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கு இடிக்கும். ஆளுக்கு ஆள் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். இழுவிசையையும் அவரவர் இழுக்கும் நீளத்திலேயே அளக்க வேண்டும். வில்லில் எழுதியிருப்பது பெரும்பாலும் 28 அங்குலக் கணக்கு. 32 இழுப்பவரிடம் அது பல பவுண்டு ஏறியிருக்கும்.

தூரத்துக்கு, விலங்குப் பொம்மைகளை எய்யும் 3டி போட்டியின் நீல முளை (எய்பவர் நிற்கும் இடக்குறி) நல்ல தொடக்கம். அதில் அதிகபட்சம் 30 மீட்டர்தான். கொரியர்கள் 145 மீட்டரில் எய்கிறார்களே என்று யாராவது கேட்பார்கள். அதற்கு மைதானமும் இலக்கும் தனி, போட்டியும் தனி. முடிந்தால் கடைசியில் ஒரு வேகச் சுற்று வையுங்கள், அம்புகளை வில்பிடிக்கும் கையிலேயே வைத்துக்கொள்ள அனுமதித்து. கூட்டம் அதைப் பார்க்கத்தான் நிற்கும்.

முதல் பருவம் பதக்கம் இல்லாத விருந்தினர் பிரிவாக நடத்துங்கள். ஆண், பெண், வயது என்று இப்போதே கூறுபோட வேண்டாம். விதி ஒரே பக்கத்தில், படத்தோடு, பதிவு திறக்கும்போதே கையில் கிடைக்க வேண்டும். பருவம் முடியும்வரை யார் கேட்டாலும் திருத்தக்கூடாது. மதிப்பெண் தாள்களையும், மேசையில் திருப்பி அனுப்பிய வில்களின் காரணங்களையும் எடுத்து வையுங்கள். சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதும்போது முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.