வயிற்றுக்கு ஒரு கணக்கு நோட்டு

மூன்று மாதம் அஜீரணம், அஜீரணம் என்று சொல்லிக்கொண்டு அமிலத்தைத் தணிக்கும் வெள்ளை மருந்தைக் குடித்தேன். மூன்றாவது பாட்டிலின் அடியைக் குலுக்கிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: எனக்கு எரிகிறதா, வலிக்கிறதா, உப்புசமா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். வயிற்றுக்கும் ஒரு நோட்டுப் போட்டேன்.

முதலில் இடத்தைக் குறியுங்கள். தொப்புளுக்கு மேலே, விலா எலும்புகள் கூடும் இடத்துக்குக் கீழே வலியோ எரிச்சலோ இருந்தால், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டால், சாப்பிட்டது வெகுநேரம் இறங்காமல் கல்லாக நின்றால், அது அஜீரணம். நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிச்சல் மேலேறித் தொண்டையில் புளித்தால் அது நெஞ்செரிச்சல். இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்தே வந்து குழப்புவதும் உண்டு.

என் நோட்டில் நான்கு பத்திகள்: எப்போது, எவ்வளவு சாப்பிட்டேன்; தொந்தரவு எப்போது தொடங்கியது; எந்த இடத்தில்; அன்று விழுங்கிய மாத்திரைகள் என்ன. கடைசிப் பத்தியை வேண்டாவெறுப்பாகத்தான் சேர்த்தேன். குட்டு அங்கேதான் வெளிப்பட்டது. ‘செவ்வாய், காலை 8, முழங்கால் வலி மாத்திரை. 11.30, மேல்வயிறு எரிச்சல்.’ சனியும் அப்படியே. மாத்திரை போடாத வியாழனும் வெள்ளியும் வெறுமையாக இருந்தன. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை வலியைத் தணிக்கும் வழியிலேயே இரைப்பைச் சுவரின் பாதுகாப்பையும் குறைத்துவிடுகின்றன, புண்கூட வரலாம். அதற்காக, இதயத்துக்கென்று எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கைவைத்தியமாகச் செய்யக்கூடியவை சில உண்டு. ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள். இரவில் நெஞ்செரிச்சல் என்றால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. கட்டை கொடுங்கள். நான் முதலில் தலையணைகளை அடுக்கினேன். உடம்பு இடுப்பில் மடிந்து வயிறு இன்னும் நசுங்கியதுதான் மிச்சம். அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஓமெப்ரசோல் வகை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். எரிய ஆரம்பித்த பிறகு போட்டுவிட்டு, ‘கேட்கவில்லை’ என்று அதைத் திட்டிப் பயனில்லை.

எப்போது டாக்டரிடம் போவது? விழுங்கும்போது உணவு சிக்கினால், காரணமில்லாமல் எடை குறைந்தால், வாந்தி நிற்காவிட்டால், ரத்தசோகை என்று தெரியவந்தால், 55 வயதுக்கு மேல் புதிதாக இந்தத் தொந்தரவு தொடங்கினால் தள்ளிப்போடாதீர்கள். இவை எதுவும் இல்லாமலே இரண்டு மூன்று வாரம் நீடித்தாலும் காட்டிவிடுங்கள்.

மலம் தார் போலக் கருத்து ஒட்டினாலோ, வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்ற துகள்களோ தெரிந்தாலோ அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும்; அதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸை அழையுங்கள். ‘வாயுவாக இருக்கும், மருந்து குடித்துப் பார்ப்போம்’ என்ற சோதனையே கூடாது. மாரடைப்பும் அஜீரண வேஷத்தில் வரும்.

என் டாக்டர் நோட்டைப் புரட்டி நான்காவது பத்தியில் விரலை வைத்தார். முழங்காலுக்கு வேறு மருந்து எழுதினார். ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்கு மூச்சுப் பரிசோதனையும் எழுதினார். அதற்கு இரண்டு வாரம் முன்பே ஓமெப்ரசோலை நிறுத்த வேண்டுமாம். வயிற்றுப் புண்ணுக்கு இந்தக் கிருமியும் காரணம் என்பதை நம்பவைக்க ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984இல் அதைத் தானே குடித்துக் காட்டியவர். 2005இல் தன் சக ஆய்வாளர் ராபின் வாரனுடன் நோபல் பரிசு பெற்றார். எனக்குக் கிருமி இல்லை. மூன்றாவது பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது, அடியில் ஒரு விரற்கடை மருந்தோடு.