பக்கத்து வீட்டுக்காரரை வரையச் சொல்லுங்கள்: தெருவில் ஓவியப் போட்டி நடத்துவது எப்படி?

கிருஷ்ணகிரியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இரண்டு முறை இந்தப் போட்டியை நடத்தியிருக்கிறேன். முதல் முறை சொதப்பல். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: நாளும் இடமும்

ஞாயிறு காலை 7.30 முதல் 9 வரை. கார் ஷெட்டோ கோயில் முன்மண்டபமோ போதும். மொட்டை மாடி வேண்டாம், காற்று தாளைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

படி 2: தாளும் வண்ணமும்

சார்ட் அட்டை வாங்காதீர்கள். வழவழப்பான பக்கத்தில் கிரேயான் வழுக்கும். தடித்த டிராயிங் தாள் வாங்குங்கள், ஏ4 அளவு. ஏ3 அதைப்போல் இரண்டு மடங்கு. ஒன்றரை மணி நேரத்தில் சின்னப் பிள்ளைகளால் நிரப்ப முடியாது. வண்ணத்தில் என் ஓட்டு ஆயில் பேஸ்டலுக்கு. வாட்டர் கலருக்குத் தடை போட்டுவிடுங்கள். ஒரு டம்ளர் கவிழ்ந்தால் மூன்று ஓவியம் போச்சு.

படி 3: தலைப்பு

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். 'நல்ல அண்டை வீட்டார்' என்று பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வந்த 22 தாள்களில் பாதிக்கு மேல் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓட்டு வீடு, தென்னை மரம். ஆளே இல்லை!

அடுத்த முறை தலைப்பைக் கேள்வியாக்கினேன்: "உங்க வீட்டுல ஒரு கஷ்டம்னா பக்கத்துல இருந்து யார் வந்தாங்க? அப்போ அவங்க கையில என்ன இருந்தது?"

அந்தக் 'கையில என்ன' வேலை செய்தது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, காம்பவுண்டு சுவரைத் தாண்டி வரும் பச்சை டியூபையும் அதன் கீழே குடத்தையும் வரைந்தாள். அவர்கள் வீட்டு போர் வற்றியபோது பக்கத்து வீட்டு ஆயா விட்ட தண்ணீர். ஆயாவின் மூக்குக்கண்ணாடியில் கட்டியிருந்த நூலைக்கூட விடவில்லை.

"எனக்கு ஆள் வரைய வராது" என்று ஒரு பையன் நின்றான். பர்கூர் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் அந்தக் காலத்து மனிதர்கள் வெள்ளையில் வரைந்ததைப் போனில் காட்டினேன். மூக்கு முழி இல்லை, ஆள் என்று தெரிகிறதே! உட்கார்ந்துவிட்டான்.

இங்கே வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகள் நிறைய. கேள்வியை அந்தந்த மொழியிலும் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்.

படி 4: மதிப்பெண்

தாளின் பின்னால் பென்சிலில் எண் மட்டும். பெயர் நோட்டில் இருக்கட்டும். நடுவர் வேறு தெருக்காரராக இருக்க வேண்டும். 10-ல் 5 என்ன நடந்தது என்று புரிவதற்கு, 3 கவனித்து வரைந்ததற்கு, 2 வண்ணத்துக்கு. பெற்றோரைத் தள்ளியே உட்கார வையுங்கள். ஒரு அப்பா சைக்கிள் சக்கரத்துக்குத் தட்டு வைத்து வட்டம் போட்டுக்கொடுத்தார்.

படி 5: பரிசு

வென்றாலும் தோற்றாலும், ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தை அதில் இருப்பவரிடமே கொடுக்க வேண்டும். முதல் நாளே அவர்களை அழைத்துவிடுங்கள். நான் 'சர்ப்ரைஸ்' என்று சொல்லாமல் விட்டேன். ஆயா சந்தைக்குப் போய்விட்டார். படத்தை அந்தப் பெண் வீடு தேடிப் போய்க் கொடுத்தாள்.

பின்சேர்க்கை: தருமபுரி வாசகர் ஒருவர், "பக்கத்து வீட்டோட பேச்சுவார்த்தையே இல்லாத பிள்ளை என்ன வரையும்?" என்று கேட்டிருந்தார். நியாயம்தான். எதிர்வீடு, மேல்மாடி, முனைக்கடை அண்ணன் எல்லாரும் சேர்த்தி என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

அடுக்கி வைத்தால் பேஸ்டல் ஒட்டுகிறது என்று இன்னொருவர். இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். நியூஸ்பேப்பர் வேண்டாம், மை ஏறிவிடும்.