ஏற்காட்டுக் குளிரில் குழந்தைக்கு நிமோனியா வராமல் காக்க

நிமோனியாவை உண்டாக்கும் நியுமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசியான பி.சி.வி. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என மூன்று தவணை, ஒவ்வொன்றும் 0.5 மி.லி., வலது தொடையில். லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். காப்பிப் பழம் பறிக்கும் பரபரப்பில் தேதி தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட தவணையிலிருந்து போட்டால் போதும். ஆனால் முதல் ஊசி ஒரு வயதுக்குள் விழுந்திருக்க வேண்டும்.

ஜன்னலைச் சாத்திவிட்டு விறகடுப்புப் பக்கத்தில் பிள்ளையைப் படுக்கவைப்பதுதான் பெரிய தவறு. புகை மூச்சுக்குழாயின் காப்பைக் கெடுத்து, கிருமியை நுரையீரலுக்குள் இறங்கவிடும்.

இருமல் வந்தால், குழந்தை அழாதபோது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதன்பின் 5 வயது வரை 40, அல்லது அதற்கு மேல் போனால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா? உடனே 108-ஐ அழையுங்கள்.