பிஸ்கட் மாவில் ஓர் எழுத்துரு: மாணவர் குழுவுக்கான வழிகாட்டி

வடிவமைப்பு பயிலும் மாணவர்கள் குழுவாகச் செய்வதற்கு ஏற்ற திட்டப்பணிகளில் ஒன்று, விழாக்கால வாழ்த்துச் சொல் ஒன்றுக்குப் புதிதாக எழுத்துரு வரைந்து, அதைப் பிஸ்கட் மாவில் வெட்டிச் சுட்டெடுப்பது. பார்வைக்கு விளையாட்டுப்போலத் தோன்றினாலும், கோட்டின் தடிமன், எழுத்தின் உள்வெளி (சுழி போன்றவற்றுக்குள் அடைபட்ட வெற்றிடம்), எழுத்துகளுக்கு இடைப்பட்ட வெளி ஆகிய மூன்றையும் இந்தப் பணியைப் போலக் கைப்பட உணர்த்தும் பயிற்சி குறைவு. பெரும்பாலான குழுக்கள் கணினியில் இருக்கும் எழுத்துரு ஒன்றை அச்சிட்டு, மாவின்மேல் வைத்து, அப்படியே வெட்டிவிடுகின்றன. ஓவனிலிருந்து வெளிவரும்போது மெல்லிய கோடுகள் கருகியும் சிறு துளைகள் அடைபட்டும் போயிருக்கும். சூட்டில் மாவு எவ்வளவு விரியும், எங்கே உடையும் என்பதை முதலில் அளந்துகொண்டு, அதற்கேற்ப எழுத்தை வரைவதே இந்தப் பணியில் கற்றுக்கொள்ள வேண்டியது.

செய்முறை மாறினால் எழுத்தின் வடிவமும் மாறும் என்பதற்கு நெதர்லாந்தில் நல்ல சான்று உண்டு. அங்கே டிசம்பர் 5 அன்று கொண்டாடப்படும் சின்டர்கிளாஸ் விழாவையொட்டி, பாதாம் விழுது அடைத்த மாவை நீளமான உருளையாக உருட்டி, எழுத்தாக வளைத்துச் சுடுகிறார்கள். உருட்டிய மாவாதலால் அந்த எழுத்தின் கோடு முழுவதும் ஒரே தடிமனில் இருக்கிறது. அதே விழாவுக்கு அச்சில் வார்க்கப்படும் சாக்லேட் எழுத்துகளோ பட்டையான முனைகளும் கூர்மையான மூலைகளும் கொண்டவை. ஆகவே குழு கூடியதும் முடிவு செய்ய வேண்டியது, மாவை உருட்டி வளைப்பதா, விரித்து வெட்டுவதா, அச்சில் அழுத்துவதா என்பதைத்தான். இந்த வழிகாட்டி விரித்து வெட்டும் முறையைப் பின்பற்றுகிறது. கணினியில் வரைந்த வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அதுவே வசதியானது.

அடுத்தது சொல்லைத் தேர்ந்தெடுப்பது. நீண்ட வாக்கியம் வேண்டாம். எடுத்துக்காட்டாக ‘வாழ்த்துகள்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், வ, கால், ழ், த், து, க, ள் என ஏழு வடிவங்களும் மூன்று புள்ளிகளும் தேவைப்படும். த், து இரண்டும் ஒரே அடிவடிவத்தைப் பகிர்ந்துகொள்வதால் வரைகிற வேலை குறைகிறது; வ, ள ஆகியவற்றின் இடப்பக்கச் சுழியையும் ஒரே அளவில் அமைக்கலாம். கடினமானது ழகரம். அதன் வால், எழுத்துகள் வரிசையாக அமரும் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குவதால் தட்டில் கூடுதல் இடம் பிடிக்கும். மெலிந்து நீண்டிருக்கும் பகுதி என்பதால் எடுக்கும்போது முதலில் உடைவதும் அதுவே. ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளே பெரும்பாலும் வரும் சொல்லைத் தேடி எடுத்தால் வேலை எளிதாக முடியும், ஆனால் காட்டுவதற்கு அதிகம் இருக்காது.

ஆளுக்கு ஓர் எழுத்து எனப் பிரித்துக்கொள்வது குழுக்கள் வழக்கமாகச் செய்யும் ஏற்பாடு. என் கருத்தில் அது கூடவே கூடாது. அப்படி வரைந்தவை அருகருகே வைக்கப்படும்போது ஒரு குடும்பத்து எழுத்துகளாகத் தோன்றுவதில்லை. ஒருவரோ இருவரோ சேர்ந்து, கட்டம் போட்ட தாளில் எல்லா எழுத்துகளின் எலும்புக்கூட்டையும் ஒற்றைக் கோட்டில் வரைய வேண்டும். உயரம், அடிக்கோடு, சுழியின் விட்டம், கோட்டுத் தடிமன் ஆகியவை முடிவான பிறகே மற்றவர்கள் அந்த எலும்புக்கூட்டுக்குச் சதை கொடுக்கலாம். மாவும் ஓவனும் ஒருவர் பொறுப்பிலும், ஐசிங் இன்னொருவர் பொறுப்பிலும், அளவுகளையும் படங்களையும் பதிவு செய்வது வேறொருவர் பொறுப்பிலும் இருக்கட்டும். பதிவாளர் இல்லாத குழுவிடம் இறுதியில் பிஸ்கட் மட்டுமே மிஞ்சும்.

அளவுகளைப் பார்ப்போம். எழுத்தின் உயரத்தை 9 செ.மீ. என்றும், கோட்டுத் தடிமனை 15 மி.மீ. என்றும், மாவின் கனத்தை 6 மி.மீ. என்றும் வைத்துத் தொடங்கலாம். ஒவ்வொரு விளிம்பும் சூட்டில் 1.5 மி.மீ. விரிவதாகக் கொண்டால், 15 மி.மீ. கோடு 18 ஆகத் தடிக்கும். அதே வேளையில் 8 மி.மீ. அகலமுள்ள சுழியின் உள்வெளி 5 ஆகச் சுருங்கும். கோடு தடிப்பதைக் கண் பொறுத்துக்கொள்ளும், உள்வெளி சுருங்குவதைப் பொறுத்துக்கொள்ளாது, ஏனெனில் சுழி அடைந்துவிட்டால் வகரமும் ளகரமும் தம் அடையாளத்தையே இழந்துவிடும். எனவே உள்வெளி எதுவும் 12 மி.மீ.க்குக் குறையாமல் வரைய வேண்டும். இதற்காகச் சுழியை வழக்கத்தைவிடப் பெரிதாக்க நேரிட்டால் தயங்க வேண்டியதில்லை. இந்த எழுத்துருவின் தனித்தன்மை அங்கேயிருந்துதான் பிறக்கும். இலத்தீன் எழுத்திலும் இதே கணக்குத்தான். போடோனி வகை எழுத்துருக்களின் மயிரிழைக் கோடுகள் மாவில் நிற்கமாட்டா. 1927இல் வெளியான ஃபியூச்சுரா எழுத்துருவின் கூர்முனைகள் மழுங்கிவிடும். 1922இல் வந்த கூப்பர் பிளாக், மூலைகள் முன்பே உருண்டிருப்பதால் பெரிய சேதமின்றித் தப்பிவிடும்.

புள்ளியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எழுத்தோடு ஒட்டாமல் மேலே நிற்கும் அந்த வட்டம், சுட்ட பின் எங்கே போய் அமரும்? மூன்று வழிகள் உள்ளன: புள்ளியை எழுத்தின் தலையோடு சிறு பாலம் போல இணைத்து வரையலாம், தனி வட்டமாகச் சுட்டு, சொல்லை அடுக்கும்போது மேலே வைக்கலாம், எழுத்தின் மேற்பகுதியில் ஒரு துளையாகவே வெட்டிவிடலாம். துளையாக வெட்டுவது புதுமையாகத் தோன்றினாலும், சுழியின் உள்வெளியோடு குழம்பும். பாலம் இணைத்தால் எழுத்தை ஒரே துண்டாகக் கையில் எடுக்க முடியும் என்பதால் நான் அதையே பரிந்துரைப்பேன். ஓலையில் எழுதிய காலத்தில், எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்பதால் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள் என்பர். எழுதும் பொருளுக்கு எழுத்து வளைந்துகொடுப்பது இங்கே புதிய செய்தியன்று.

மாவுக்கு 375 கிராம் மைதா, 200 கிராம் வெண்ணெய், 150 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு போதும், 9 செ.மீ. உயரத்தில் ஏறத்தாழ இருபது எழுத்துகள் கிடைக்கும். பேக்கிங் பவுடர் சேர்க்கவே கூடாது, அது விளிம்பைக் குலைத்துவிடும். மணல்போன்ற சர்க்கரையைவிடப் பொடித்த சர்க்கரையில் மாவு குறைவாகவே விரியும். இஞ்சிப்பொடியும் பட்டைப்பொடியும் சேர்த்தால் விழாக்கால மணம் கிடைக்கும். ஒன்றுசேரும் வரை மட்டும் பிசைய வேண்டும். மிகுதியாகப் பிசைந்தால் மாவு இழுவைத்தன்மை பெற்று, சூட்டில் சுருங்கி எழுத்தைக் கோணலாக்கும். அதே காரணத்துக்காக, விரிக்கும்போது ஒரே திசையில் கட்டையை ஓட்டாமல் அவ்வப்போது மாவைத் திருப்ப வேண்டும்.

மாவை இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே 6 மி.மீ. கனத்துக்கு விரித்து, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்த பிறகு வெட்டலாம். எழுத்து வடிவத்தை ஓ.எச்.பி. ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில்) வெட்டி மேலே வைத்து, கூரிய சிறு கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வெட்ட வேண்டும். வெட்டிய எழுத்தைத் தூக்காதீர்கள். அதைப் பேப்பரிலேயே விட்டுவிட்டுச் சுற்றியுள்ள மிச்ச மாவை மட்டும் எடுத்துவிடுங்கள். தூக்கி மாற்றும் அந்த ஒரு நொடியில்தான் நேரான கால் வளைந்துபோகிறது. முப்பரிமாண அச்சில் கட்டர் செய்யும் குழுக்கள், அதன் அடுக்கு வரிகளில் மாவு தங்கிக் கிருமி வளர இடமுண்டு என்பதால், மாவுக்கும் கட்டருக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் உறையை விரித்துக்கொள்ள வேண்டும். வெட்டியவற்றை 15 நிமிடம் ஃப்ரீசரில் இறுகவிட்டு, 175 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம் சுடலாம். ஏழு வடிவங்களும் பெரும்பாலும் ஒரே தட்டில் அடங்கா. ஆகவே ஒரே நிறம் வேண்டுமானால், இரண்டு தட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே அடுக்கில் வைத்து, பாதி நேரத்தில் முன்பின்னாகத் திருப்பிச் சுட வேண்டும்.

முதல் ஈடு சோதனைக்கானது. ஆறிய எழுத்தை, கண்ணாடியின்மேல் ஒரு ஷீட் விரித்த ஸ்கேனரில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள்) அளவில் பதிவு செய்து, கணினியில் மூல வரைவின்மேல் பொருத்திப் பாருங்கள். அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் ஏறக்குறைய 12 படப்புள்ளிகளுக்குச் சமம் என்பதால், விரிவு எங்கே எவ்வளவு என்று துல்லியமாகப் படிக்கலாம். இரு கோடுகள் கூடும் சந்திகளில் மாவு கூடுதலாகத் திரண்டிருப்பதையும், தனித்து நீளும் முனைகள் உருண்டிருப்பதையும் காண்பீர்கள். சந்தியில் உள்மூலையைச் சற்றே குடைந்து வரைவது, முனையைச் சதுரமாகவே நீட்டி வரைவது போன்ற திருத்தங்களைச் செய்து மீண்டும் சுடுங்கள். அச்சுத்தொழிலில் மை பரவுவதைக் கருதி எழுத்தின் சந்திகளைக் குடைந்து வரையும் பழக்கம் முன்பே உண்டு. இங்கே மையின் இடத்தில் வெண்ணெய் நிற்கிறது.

ஐசிங்கில் அடக்கம் வேண்டும். ஐசிங் சர்க்கரையோடு மெரிங்கு பவுடரும் (பதப்படுத்திய முட்டை வெள்ளைக்கருப் பொடி) நீரும் சேர்த்து அடித்தால், பச்சை முட்டை பற்றிய கவலை இருக்காது. விளிம்புக்குக் கெட்டியாகவும், உள்ளே நிரப்புவதற்கு, கத்தியால் கீறிய கோடு 15 வினாடியில் மறையும் அளவுக்கு இளக்கமாகவும் இருக்கட்டும். முழுதும் உலர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் முந்தைய நாளே முடித்துவிட வேண்டும். எழுத்தின் வடிவத்தை ஐசிங் மறைக்கக் கூடாது. எலும்புக்கூட்டின் கோட்டை மட்டும் ஒரு நிறத்தில் இழுத்துவிட்டால், வரைந்தவர்களின் சிந்தனையே மேலே தெரியும்.

படம் எடுக்கும்போது கேமராவை நேர்மேலே பொருத்தி, சன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக விழுமாறு அமைத்தால் மாவின் கனம் நிழலில் தெரியும். எழுத்துகளைச் சம இடைவெளியில் அடுக்காதீர்கள். காலின் நேர்க்கோட்டுக்கும் ழகரத்தின் வளைவுக்கும் இடையே கண்ணால் பார்த்து நகர்த்துங்கள். சமர்ப்பிக்கும்போது எலும்புக்கூட்டு வரைவு, முதல் ஈட்டின் ஸ்கேன், திருத்திய வரைவு, இறுதிப் படம் ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு வடிவத்திலும் இரண்டு உபரி இருக்கட்டும், ழகரத்தில் மூன்று. காற்றுப்புகாத டப்பாவில் அடுக்குகளுக்கு இடையே பட்டர் பேப்பர் இட்டு எடுத்துச் செல்லுங்கள். கோதுமை, பால், முட்டை ஆகியவை சேர்ந்துள்ளன என்ற சீட்டை மூடியின்மேல் ஒட்டுங்கள், அதையும் உங்கள் எழுத்துருவிலேயே.