சண்டை மெசேஜுக்கு நாலு வரி பதில்

விவாகரத்து வழக்கு ஒரு பக்கம் ஓடுகிறது. பிள்ளைக்காக எதிர்த்தரப்போடு பேசாமலும் இருக்க முடியாது. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் நீட்டி முழக்கி வரும்: "நீயெல்லாம் ஒரு அம்மாவா? உங்க வீட்டு லட்சணம் தெரியாதா? சனிக்கிழமை பாப்பாவை எத்தனை மணிக்கு அனுப்புவே?"

பதில் சொல்ல வேண்டியது கடைசிக் கேள்விக்கு மட்டும். இப்படிப்பட்டவர்களோடு மல்லுக்கட்டும் பெற்றோருக்கு அமெரிக்க வழக்கறிஞர் பில் எடி வகுத்த முறையில் நாலு அளவுகோல்: சுருக்கம், தகவல், கனிவு, உறுதி.

"வணக்கம். சனி காலை 10 மணிக்கு பாப்பா தயாராக இருப்பாள். மாலை 6 மணிக்குக் கொண்டுவந்து விடவும். நன்றி."

அவ்வளவுதான். "எப்பவுமே நீங்க இப்படித்தான்" என்று ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். அதை நோட்டில் எழுதிக் கிழித்துப் போடுங்கள். கனிவு என்றதும் குழைய வேண்டியதில்லை. "வணக்கம்", "நன்றி" போதும்.

வந்த மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். பாரதிய சாட்சிய சட்டம் 2023, 63-ஆம் பிரிவுப்படி உரிய சான்றிதழோடு அது சாட்சியமாகலாம். உங்கள் பதிலையும் நீதிபதி படிப்பார் என்பது நினைவிருக்கட்டும்.

இப்படிப் பதில் எழுதச் சொல்லித்தரும் தனிப் பயிற்சியாளருக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் குடும்பநல நீதிமன்ற ஆலோசகரிடம் பேசலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும். அடி, மிரட்டல் என்று போனால் இந்த நாலு வரியெல்லாம் உதவாது. பெண்கள் உடனே 181-ஐ அழையுங்கள்.